காதுக்கும் கேள்வி உண்டு: ஒட்டுக்கேட்கும் பணியின் வரலாறும் மார்க்கம் வகுத்த எல்லையும்

அளவற்ற அருளாளன், நிகரற்ற அன்புடையோன் அல்லாஹ்வின் திருப்பெயரால்...

காவல் துறை என்றதும் சீருடையும் லத்தியும் நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் பெரும்பாலான நாடுகளின் காவல் துறைக்குள் சீருடை அணியாத ஒரு பிரிவினரும் இருக்கின்றனர். தொலைபேசி இணைப்பில் கிளைக்கம்பி சேர்ப்பவர், அறையின் மேற்கூரையில் ஒலிவாங்கியை மறைத்து வைப்பவர், வாகனத்தின் அடியில் இருப்பிடம் காட்டும் கருவியைப் பொருத்துபவர், ஹெட்போனை மாட்டிக்கொண்டு பிறர் பேச்சைக் கேட்டுக் குறிப்பெழுதுபவர் ஆகியோரே அவர்கள். மின்னணுக் கண்காணிப்புத் தொழில்நுட்பப் பணியாளர் என்று அவர்களை அழைக்கலாம். அவர்களுடைய பெயர் செய்தித்தாளில் வருவதில்லை. ஆயினும் ஒரு குடும்பத்தின் அந்தரங்கம் முதலில் திறப்பது அவர்களுடைய செவியில்தான்.

நம் பிள்ளைகள் இன்று மின்னணுவியலும் கணினியும் பெருமளவில் படிக்கின்றனர். இத்தகைய பணிக்கு அழைப்பு வந்தால் ஒரு முஸ்லிம் அதை ஏற்கலாமா என்ற வினா நம் வீடுகளில் எழக்கூடியதே. அதே வேளையில், உலகின் பல நகரங்களில் இக்கருவிகள் நம் சமுதாயத்தை நோக்கித் திருப்பப்பட்டதையும் நாம் அறிவோம். கேட்பவராகவும் கேட்கப்படுபவராகவும் இருக்கும் நமக்கு இப்பணியின் வரலாறு தெரிந்திருக்க வேண்டும். தீர்ப்புச் சொல்வது ஆலிம்களின் பொறுப்பு. அந்தத் தீர்ப்பைச் சிந்திப்பதற்குத் துணையாகும் நிகழ்வுகளை வரிசைப்படுத்துவதே நம் நோக்கம்.

சுவரேறிய கலீஃபா

அல்ஹுஜுராத் அத்தியாயம் (49:12) இறைநம்பிக்கையாளரை மூன்று தீமைகளிலிருந்து ஒருசேர விலக்குகிறது. வீண் சந்தேகம், துருவித் துருவி ஆராய்தல், புறம் பேசுதல் என்பன அவை. இவ்வரிசையைக் கூர்ந்து நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். சந்தேகம் உளவுக்கு இட்டுச் செல்கிறது. உளவில் கிடைத்தது புறம் பேசுதலாக வெளியேறுகிறது. அல்இஸ்ரா அத்தியாயமோ (17:36) செவி, பார்வை, உள்ளம் ஆகிய ஒவ்வொன்றும் மறுமையில் விசாரிக்கப்படும் என்று எச்சரிக்கிறது. தாம் கேட்பதை விரும்பாத மக்களின் பேச்சை ஒட்டுக்கேட்பவரின் காதில் மறுமையில் ஈயம் உருக்கி ஊற்றப்படும் என்ற நபிமொழி ஸஹீஹுல் புகாரியில் இடம்பெற்றுள்ளது. மக்களின் குறைகளைத் தேடித் திரிந்தால் அவர்களை நீர் கெடுத்துவிடுவீர் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்ததாக முஆவியா (ரலி) அறிவித்ததை அபூதாவூத் பதிவு செய்துள்ளார்கள். பிற்காலத்தில் ஆட்சிப் பொறுப்பில் அமர்ந்த ஒருவர் செவியுற்ற எச்சரிக்கை இது என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

கலீஃபா உமர் (ரலி) அவர்கள் மதீனாவில் இரவு ரோந்து சென்ற ஒரு நிகழ்வை இமாம் கஸ்ஸாலி தம் இஹ்யாவில் எடுத்துக்காட்டுகிறார்கள். ஒரு வீட்டினுள் தகாத செயல் நடப்பதை ஐயுற்ற கலீஃபா, சுவரேறி உள்ளே சென்று அங்கிருந்தவரைக் கண்டித்தார்கள். அந்த மனிதரோ, தாம் ஒரு பாவம் செய்திருந்தால் கலீஃபா மூன்று செய்துவிட்டதாக மறுமொழி தந்தார். துருவி ஆராய்ந்தது ஒன்று. வாசல் வழியே வராமல் சுவர் வழியே வந்தது இரண்டு. அனுமதி கேட்டு ஸலாம் சொல்லாமல் நுழைந்தது மூன்று. உமர் (ரலி) அந்த வாதத்தை ஏற்று, அவர் திருந்தி நடப்பதாக வாக்களித்ததும் அவரை விட்டுவிட்டுத் திரும்பினார்கள். ஆட்சியாளரின் நல்ல நோக்கம் தவறான வழியை நேராக்கிவிடாது என்பதே இதன் பாடம்.

ஹிஜ்ரி 450-இல் மறைந்த இமாம் மாவர்தி, ஆட்சி நெறிகளைப் பற்றிய தம் நூலில் முஹ்தஸிப் எனும் அதிகாரியின் கடமைகளை விளக்குகிறார்கள். சந்தையையும் பொது ஒழுங்கையும் மேற்பார்வையிடுபவர் அவர். வெளிப்படாத குற்றத்தைத் தேடி அவர் உளவு பார்க்கலாகாது என்பது பொதுவிதி. அதற்கு ஒரு விலக்கு உண்டு. ஒருவரைக் கொல்வதற்காக மற்றொருவர் தனியிடத்துக்குக் கொண்டு சென்றுள்ளார் என்று நம்பத்தக்க ஒருவர் வந்து சொன்னால், தாமதித்தால் ஈடுசெய்ய இயலாத இழப்பு நேரும். அப்போது ஆராய்ந்து தடுக்கலாம். அதற்குக் குறைவான ஐயங்களுக்கு அந்த வழி திறவாது. இமாம் கஸ்ஸாலியோ இன்னும் நுணுக்கமாகச் செல்கிறார்கள். இசைக்கருவியின் ஒலி கேட்கிறதா என்று பிறர் வீட்டில் ஒட்டுக்கேட்பதும், மது வாடைக்காக முகர்வதும், ஆடைக்குள் இருப்பது என்னவென்று தடவிப் பார்ப்பதும், அண்டை வீட்டாரிடம் துருவி விசாரிப்பதும் கூடாது என்கிறார்கள். காது, மூக்கு, கை, அயலார் நாக்கு என அக்காலத்துக் கண்காணிப்புக் கருவிகள் அனைத்தும் இந்தப் பட்டியலில் அடங்கிவிட்டன.

அப்படியானால் ஒரு செய்தியையும் இடைமறிக்கவே கூடாதா? மக்கா வெற்றிக்கு முன், ஹாதிப் பின் அபீ பல்தஆ (ரலி) குறைஷியருக்கு எழுதிய கடிதத்தை ஒரு பெண் எடுத்துச் செல்வது நபி (ஸல்) அவர்களுக்கு இறைவனால் அறிவிக்கப்பட்டது. அலீ, ஸுபைர், மிக்தாத் (ரலி) ஆகியோர் ரவ்ளத்து காக் எனும் இடத்துக்கு அனுப்பப்பட்டு, அவளுடைய கூந்தலில் மறைத்து வைத்திருந்த கடிதத்தைப் பெற்று வந்தனர். குறிப்பிட்ட ஒருவர், குறிப்பிட்ட ஒரு கடிதம், ஒரு படையெடுப்பின் பாதுகாப்பு என்று அனைத்தும் வரையறுக்கப்பட்டிருந்தன. கடிதம் கைக்கு வந்த பிறகும் எழுதியவரை அழைத்து விளக்கம் கேட்கப்பட்டது. அவருடைய விளக்கம் ஏற்கவும் பட்டது. ஊரார் அனைவரின் கடிதங்களும் பிரிக்கப்படவில்லை.

ஆக, நம் மரபு இப்பணிக்கான கதவை அடியோடு அடைத்துவிடவில்லை. நம்பத்தக்க ஆதாரம், பெரும் கேடு, குறிப்பிட்ட நபர், வரையறுத்த தேடல் என்ற நிபந்தனைகளோடு அக்கதவை ஒருக்களித்து வைத்திருக்கிறது. கம்பியும் மின்சாரமும் வந்த பிறகு அந்தக் கதவுக்கு என்ன நேர்ந்தது என்பதை அமெரிக்க வரலாற்றில் தெளிவாகக் காணலாம். ஒட்டுக்கேட்டவர்கள் எங்கே நின்றார்கள், எதைப் பொருத்தினார்கள், எவ்வளவு நேரம் கேட்டார்கள் என்பதெல்லாம் அந்நாட்டு நீதிமன்றத் தீர்ப்புகளிலேயே பதிவாகியுள்ளன.

அடித்தளத்தில் ஒரு கம்பி

1920-களில் அமெரிக்காவில் மதுவிலக்கு நடைமுறையில் இருந்தது. சியாட்டில் நகரில் காவல் துறை அதிகாரியாக இருந்து நீக்கப்பட்ட ராய் ஓல்ம்ஸ்டெட் என்பவர் மிகப் பெரிய மதுக் கடத்தல் தொழிலை நடத்திவந்தார். மதுவிலக்கு அதிகாரிகள் அவருடைய அலுவலகம் இருந்த கட்டடத்தின் அடித்தளத்திலும், கூட்டாளிகளின் வீடுகளுக்கு அருகே தெருவிலும் தொலைபேசிக் கம்பிகளில் கிளை சேர்த்தனர். 8 தொலைபேசிகளை ஏறக்குறைய 5 மாதங்கள் கேட்டனர். தட்டச்சில் 775 பக்கக் குறிப்புகள் திரண்டன. தொலைபேசியை ஒட்டுக்கேட்பது வாஷிங்டன் மாநிலச் சட்டப்படி குற்றமாக இருந்தும் அவர்கள் தயங்கவில்லை.

1928-இல் உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் அரசின் பக்கம் நின்றது. அதிகாரிகள் எவருடைய வீட்டுக்குள்ளும் கால் வைக்கவில்லை, பொருள் எதையும் எடுக்கவில்லை. ஆகவே சட்டம் தடுக்கும் சோதனை நடக்கவில்லை என்பது பெரும்பான்மையின் வாதம். மாறுபட்டுத் தீர்ப்பெழுதிய நீதிபதி பிராண்டைஸ், ஒருவருடைய தொலைபேசியைக் கேட்பது அவரோடு பேசும் ஒவ்வொருவரையும் கேட்பதாகும் என்று எடுத்துரைத்தார். கடத்தல்காரரைத் தேடி வைத்த காதில் மளிகைக்காரரின் பேச்சும் விழும், மருத்துவரிடம் பேசும் பெண்ணின் குரலும் விழும்.

அதன்பின் சட்டமே சுவரின் தடிப்பை அளக்கத் தொடங்கியது. 1942-இல் பக்கத்து அறையின் சுவரில் ஒலிபெருக்கும் கருவியை வைத்துக் கேட்டதை நீதிமன்றம் குற்றமாகக் கருதவில்லை. 1961-இல் வந்த மற்றொரு வழக்கில், காவலர்கள் ஏறக்குறைய ஓரடி நீள ஊசி கொண்ட ஒலிவாங்கியை அடுத்த வீட்டுப் பொதுச்சுவரில் செருகினர். ஊசியின் முனை அந்த வீட்டின் வெப்பக் குழாயைத் தொட்டது. வீடு முழுவதுமே ஒலிபெருக்கியானது. அதனை நீதிமன்றம் அத்துமீறல் என்றது. ஊசி எத்தனை அங்குலம் உள்ளே சென்றது என்பதில் ஒரு குடும்பத்தின் மானம் தொங்கியது.

இந்த அளவுகோல் 1967-இல் மாறியது. லாஸ் ஏஞ்சலஸ் நகரில் சார்லஸ் கட்ஸ் என்பவர் பொதுத் தொலைபேசிக் கூண்டிலிருந்து சூதாட்டப் பந்தயச் செய்திகளைப் பரிமாறிவந்தார். எஃப்.பி.ஐ. அதிகாரிகள் கூண்டின் மேற்புறத்தில் ஒலிவாங்கியைப் பொருத்தினர். அவர் வழக்கமாக வரும் நேரத்தை முன்பே கவனித்து, அந்த நேரத்தில் மட்டுமே கருவியை இயக்கினர். 6 பதிவுகள், ஒவ்வொன்றும் சராசரியாக 3 நிமிடம். தவறுதலாக வேறொருவரின் பேச்சு ஒரே ஒரு முறை பதிவானபோது அதனைக் கேட்காமல் தவிர்த்தனர். கேட்பவர் பேண வேண்டிய கட்டுப்பாட்டுக்கு இதைவிடச் சிறந்த சான்று கிடைப்பது அரிது.

ஆயினும் தீர்ப்பு அவர்களுக்கு எதிராகவே வந்தது. சட்டம் இடங்களைக் காப்பதற்கு அன்றி மனிதர்களைக் காப்பதற்கே உள்ளது என்று நீதிமன்றம் கொண்டது. கதவை மூடிக்கொண்டு பேசுபவர் தம் பேச்சு உலகுக்கு ஒலிபரப்பாகாது என்று நம்பும் உரிமை உடையவர். அதிகாரிகளின் கட்டுப்பாட்டை நீதிபதிகள் பாராட்டவே செய்தனர். ஆனால் அக்கட்டுப்பாடு அவர்களாக விதித்துக்கொண்டது. தேடுபவரே தமக்கு எல்லை வகுத்துக்கொள்வது போதாது, அவருக்கு வெளியே உள்ள ஒரு நடுவர் முன்கூட்டியே அனுமதிக்க வேண்டும் என்பதே முடிவு. கலீஃபா உமரைத் தட்டிக் கேட்க அந்த வீட்டுக்காரருக்கு வாய் இருந்தது. மறைவான கருவியின் முன்னே நிற்பவருக்கு அந்த வாய்ப்பு இல்லை. ஆகவே அவர் சார்பில் முன்னதாகவே ஒருவர் கேள்வி கேட்டாக வேண்டும்.

கேட்காமல் இருக்கும் கடமை

மறு ஆண்டான 1968-இல் அமெரிக்கா இயற்றிய சட்டம் இப்பணியின் அன்றாட நடைமுறையை வகுத்தது. நீதிபதியின் ஆணை வேண்டும். குறிப்பிட்ட குற்றத்துக்கு உரிய ஆதாரம் காட்ட வேண்டும். மற்ற விசாரணை முறைகள் பலன் தரவில்லை, அல்லது தரமாட்டா என்று விளக்க வேண்டும். ஓர் ஆணை 30 நாட்களுக்கு மேல் செல்லாது. முடிந்ததும் பதிவுகளை நீதிபதியிடம் ஒப்படைத்து முத்திரையிட வேண்டும். கண்காணிப்பு முடிந்தபின், பொதுவாக 90 நாட்களுக்குள், ஆணையில் குறிப்பிடப்பட்டவருக்கு அதனை அறிவிக்கவும் வேண்டும்.

இவற்றுள் நம் கவனத்துக்குரியது இன்னொரு விதி. வழக்குக்குத் தொடர்பில்லாத பேச்சை இயன்றவரை கேட்காமல் தவிர்க்க வேண்டும் என்று சட்டம் கட்டளையிடுகிறது. நடைமுறையில் அது எப்படி இயங்குகிறது? கேட்கும் பணியாளர்களை முன்னரே அழைத்து, அரசு வழக்கறிஞர் எல்லைகளை விளக்குகிறார். எழுத்து வடிவிலான அறிவுரையில் அவர்கள் கையொப்பமிடுகின்றனர். ஓர் அழைப்பு வந்ததும் சற்று நேரம் கேட்கின்றனர். கணவன் மனைவி பேசும் குடும்ப விஷயம் என்று புரிந்ததும் கருவியை நிறுத்திவிட வேண்டும். பிறகு இடையிடையே சில விநாடிகள் மட்டும் திறந்து, பேச்சு குற்றத்தின் பக்கம் திரும்பியதா என்று பார்க்கலாம். எப்போது நிறுத்தினார், எப்போது திறந்தார் என்பதைப் பதிவேட்டில் குறிக்கவும் வேண்டும். கேட்பதற்கு ஊதியம் வாங்குபவரின் திறமை, கேளாமல் விடுவதில் அளக்கப்படுகிறது. 17:36 வசனத்தை ஓதி வளர்ந்த ஒருவருக்கு இவ்விதி அந்நியமாகத் தோன்றாது.

விதி இருந்தும் அது தளர்வதுண்டு. 1970-இல் வாஷிங்டன் நகரில் போதைப்பொருள் வழக்கொன்றில் அதிகாரிகள் ஏறக்குறைய எல்லா அழைப்புகளையும் கேட்டனர். அவற்றுள் சுமார் 40 விழுக்காடே வழக்கோடு தொடர்புடையவை. 1978-இல் உச்ச நீதிமன்றம், அந்தச் சூழ்நிலையில் அவர்கள் செய்தது நியாயமானதே என்று விட்டுவிட்டது. 1973-இல் நியூ ஜெர்சியில் அதிகாரிகள் நள்ளிரவில் ஜன்னல் வழியே ஓர் அலுவலகத்துக்குள் புகுந்து, மேற்கூரையில் ஒலிவாங்கியைப் பொருத்த 3 மணி நேரம் செலவிட்டனர். ஒட்டுக்கேட்க ஆணை இருந்தது. மறைவாக நுழையலாம் என்று அந்த ஆணையில் எழுதப்படவில்லை. 1979-இல் உச்ச நீதிமன்றம் அதையும் 5-க்கு 4 எனச் சரிகண்டது. சுவர் வழியே வந்ததற்கு மதீனாவில் நாணிய ஆட்சியாளரை இங்கே நாம் நினைத்துப் பார்க்கிறோம்.

முஹம்மது அலீயின் குரல்

நீதிபதியே இல்லாமல் நடந்த ஒட்டுக்கேட்பு இன்னும் கசப்பான வரலாறு. 1940-இல் அதிபர் ரூஸ்வெல்ட், நாட்டுக்கு எதிரான சதியில் ஈடுபடுவதாக ஐயுறப்படுவோரை ஒட்டுக்கேட்கத் தம் சட்டத் துறைத் தலைவருக்கு அனுமதி தந்தார். போர்க்காலத்து அச்சத்தில் திறந்த அந்த வழி பின்னர் மூடப்படவில்லை. 1963 அக்டோபரில், கறுப்பின மக்களின் உரிமைக்குப் போராடிய மார்ட்டின் லூதர் கிங்கின் தொலைபேசியைக் கேட்க ராபர்ட் கென்னடி கையொப்பமிட்டார். காரணமாகச் சொல்லப்பட்டது கம்யூனிஸ்ட் தொடர்பு பற்றிய ஐயம். 1964-இல் அவர் தங்கிய விடுதி அறைகளில் எஃப்.பி.ஐ. ஒலிவாங்கிகளை வைத்தது. அவ்வாண்டு இறுதியில் அவருடைய அந்தரங்கம் அடங்கிய ஒலிநாடாவும், அவரை மனம் உடையச் செய்யும் ஒரு மொட்டைக் கடிதமும் அவருக்கு அனுப்பப்பட்டன. சந்தேகம், உளவு, புறம் பேசுதல் என அல்ஹுஜுராத் வரிசைப்படுத்திய மூன்றும் ஓர் அரசின் கோப்பில் அதே வரிசையில் நிகழ்ந்தன.

நேஷன் ஆஃப் இஸ்லாம் இயக்கத்தின் தலைவர் எலைஜா முஹம்மதுவின் தொலைபேசியும் பல ஆண்டுகள் கேட்கப்பட்டுவந்தது. அவ்வியக்கத்தின் கொள்கை நம் அகீதாவுக்கு முரணானது என்பது வேறு விஷயம். அநீதியை அளக்கும்போது அது குறுக்கே வரலாகாது. அந்த இரு தொலைபேசிகளோடு பேசியவர்களுள் குத்துச்சண்டை வீரர் முஹம்மது அலீயும் ஒருவர். வியட்நாம் போருக்காகப் படையில் சேர மறுத்த அவருக்கு 1967-இல் 5 ஆண்டு சிறையும் 10,000 டாலர் அபராதமும் விதிக்கப்பட்டிருந்தன. மேல்முறையீட்டின்போது, அவருடைய பேச்சும் ஒட்டுக்கேட்கப்பட்டுள்ளதை அரசே ஒப்புக்கொள்ள நேர்ந்தது. 1969 ஜூனில் ஹூஸ்டன் நீதிமன்றத்தில் எஃப்.பி.ஐ. பணியாளர்கள் சாட்சிக் கூண்டேறினர். கிங்கும் எலைஜா முஹம்மதும் ஒட்டுக்கேட்கப்பட்டது அப்போதுதான் பொதுவெளிக்கு வந்தது.

அலீயின் 5 உரையாடல்கள் பதிவாகியிருந்தன. 4 அவர் தரப்புக்குக் காட்டப்பட்டன. வெளிநாட்டு உளவு தொடர்பானது என்று கூறி ஐந்தாவதை நீதிமன்றம் மறைத்துக்கொண்டது. அவர் வழக்குக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை என்றும் முடிவானது. தொடர்பில்லாத பேச்சை ஏன் குறித்து வைத்தார்கள் என்பதுதான் நம் கேள்வி. 1971 ஜூன் 28 அன்று உச்ச நீதிமன்றம் வேறு காரணத்தின் பேரில் 8-க்கு 0 என அவருடைய தண்டனையை நீக்கியது. அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமை வெளிநாட்டு அழைப்புகளைக் கண்காணிக்க வைத்திருந்த பட்டியலிலும் அவர் பெயர் இருந்தது 2013-இல் வெளியான ஆவணங்களால் தெரியவந்தது.

1975, 1976 ஆண்டுகளில் செனட்டர் ஃபிராங்க் சர்ச் தலைமையிலான குழு இந்த மீறல்களை விரிவாக ஆராய்ந்தது. அதன் பயனாக 1978-இல், நாட்டுப் பாதுகாப்பின் பெயரால் செய்யப்படும் ஒட்டுக்கேட்புக்கும் ஒரு தனி நீதிமன்றத்தின் அனுமதி தேவை என்ற சட்டம் வந்தது. அந்நாடு ஏறக்குறைய 40 ஆண்டுகள் சுற்றி வந்து அடைந்த பாடம் இது.

சுவருக்கு அப்பால் காணும் கண்

கருவிகள் வளர்ந்ததும் ஒட்டுக்கேட்கும் காதுக்குத் துணையாக ஒட்டிப் பார்க்கும் கண்ணும் வந்தது. 1992-இல் ஓரிகன் மாநிலத்தின் ஃபுளோரன்ஸ் ஊரில், கஞ்சா வளர்ப்பதாக ஐயுற்ற ஒரு வீட்டை அதிகாரிகள் தெருவில் நின்ற வாகனத்திலிருந்து வெப்பம் உணரும் கருவியால் நோக்கினர். வலிமை மிகுந்த விளக்குகளின் சூட்டால் கூரையின் ஒரு பகுதி மற்ற வீடுகளைவிட வெப்பமாகத் தெரிந்தது. 2001-இல் உச்ச நீதிமன்றம் இதனை ஆணையின்றிச் செய்யக்கூடாத சோதனை என்றது. வீட்டுப் பெண் இரவில் எந்நேரம் குளிக்கிறாள் என்பதைக்கூட இத்தகைய கருவி காட்டிக்கொடுத்துவிடும் என்று நீதிபதி ஸ்காலியா கவலையுற்றார்.

இக்கவலை நமக்குப் புதிதன்று. நபி (ஸல்) அவர்களுடைய வீட்டுத் துவாரம் வழியே ஒருவர் எட்டிப் பார்த்தபோது, அவர்கள் கையில் இரும்புச் சீப்பு இருந்தது. அவர் பார்ப்பது தெரிந்திருந்தால் அதனாலேயே அவர் கண்ணில் குத்தியிருப்பேன் என்ற கருத்தில் கண்டித்துவிட்டு, அனுமதி கேட்கும் விதி ஏற்படுத்தப்பட்டதே பார்வையின் காரணமாகத்தான் என்று விளக்கினார்கள். பார்ப்பவர் வாசற்படியில் நின்றாலும் சரி, கருவியோடு தெருவில் நின்றாலும் சரி, வீட்டாரின் மறைப்பு ஒன்றே.

ஆணை கையில் இருந்தாலும் அதன் சொல்லைப் பேணுவதில் பணியாளரின் நேர்மை வெளிப்படும். 2005-இல் வாஷிங்டன் நகர வழக்கொன்றில், ஒரு வாகனத்தில் இருப்பிடம் காட்டும் ஜி.பி.எஸ். கருவியைப் பொருத்த நீதிமன்றம் அனுமதித்தது. 10 நாட்களுக்குள், வாஷிங்டன் எல்லைக்குள் என்பன நிபந்தனைகள். பணியாளர்கள் அதை 11-ஆம் நாளில், மேரிலாந்து மாநிலத்தில் பொருத்தினர். 28 நாட்கள் கண்காணித்தனர். இடையில் ஒருமுறை மின்கலத்தையும் மாற்றினர். 2,000 பக்கங்களுக்கு மேல் தரவு குவிந்தது. 2012-இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அரசுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. ஒரு நாளும் ஓர் எல்லைக் கோடும் சிறியவை என்று கருதிய பணியாளர்களால் நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றம் வரை வழக்கு சென்றது.

நம் தெருக்களில் எழுந்த கம்பங்கள்

இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரில் ஸ்பார்க்புரூக், வாஷ்வுட் ஹீத் ஆகியவை முஸ்லிம்கள் பெருமளவில் வாழும் பகுதிகள். 2010-இல் அங்கே 200-க்கும் மேற்பட்ட கேமராக்கள் நிறுவப்பட்டன. அவற்றுள் 72 மறைவானவை. பொதுவான குற்றத் தடுப்பு என்று குடியிருப்போருக்குச் சொல்லப்பட்டது. பணம் வந்ததோ பயங்கரவாதத் தடுப்பு நிதியிலிருந்து. உண்மை வெளியானதும் மக்கள் கொதித்தெழுந்தனர். கேமராக்கள் இயங்கும் முன்பே அவற்றின் மேல் பைகள் கட்டப்பட்டன. தேம்ஸ் வேலி காவல் துறைத் தலைவர் சாரா தார்ன்டன் தயாரித்த ஆய்வறிக்கை, சட்ட நெறிகளைப் பற்றிச் சிந்தித்ததற்கான சான்றுகள் மிகக் குறைவு என்று குறைகூறியது. வெஸ்ட் மிட்லாண்ட்ஸ் காவல் துறைத் தலைவர் மன்னிப்புக் கேட்டார். பின்னர் கம்பங்களும் அகற்றப்பட்டன.

நியூயார்க் காவல் துறை, முஸ்லிம்களின் உணவகங்களையும் கடைகளையும் பள்ளிவாசல்களையும் பட்டியலிட ஒரு தனிப் பிரிவையே நடத்தியது 2011-இல் அசோசியேட்டட் பிரஸ் செய்தியாளர்களால் வெளிவந்தது. யார் எந்த மொழியில் பேசுகிறார் என்பதும் குறிப்பில் ஏறியது. 2012-இல் அத்துறையின் உளவுப் பிரிவுத் தலைவரே நீதிமன்ற வாக்குமூலத்தில், தம் பொறுப்பில் இருந்த 6 ஆண்டுகளுக்கு மேற்பட்ட காலத்தில் அப்பிரிவின் குறிப்புகளால் ஒரு பயங்கரவாத விசாரணைகூடத் தொடங்கவில்லை என்று ஒப்புக்கொண்டார். 2014-இல் அப்பிரிவு கலைக்கப்பட்டது. குற்றத்திலிருந்து மனிதனைத் தேடிச் செல்வதை விட்டு, மனிதனிலிருந்து குற்றத்தைத் தேடிச் சென்றதன் விளைவு இது. அவ்வளவு ஆண்டுகளில் மிஞ்சியது, தேநீர்க் கடையில் அரசியல் பேசவே அஞ்சிய ஒரு சமுதாயம். குறைகளைத் தேடினால் மக்களைக் கெடுத்துவிடுவீர் என்ற நபிமொழியின் பொருள் அந்த அச்சத்தில் தெரிகிறது.

நம் நாட்டின் நிலை

இந்தியாவில் 1885-ஆம் ஆண்டுத் தந்திச் சட்டம்தான் ஒட்டுக்கேட்புக்கு நெடுங்காலம் அடிப்படையாக இருந்தது. பொது நெருக்கடி அல்லது பொதுப் பாதுகாப்பு என்ற நிலை இருந்தாலன்றி அச்சட்டத்தின்படி ஆணையிட இயலாது. 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், தொலைபேசிப் பேச்சு தனிமனித உரிமையின் பகுதி என்று கூறி நெறிமுறைகள் வகுத்தது. உள்துறைச் செயலாளர் நிலையில் ஆணை வேண்டும். அது 2 மாதங்களே செல்லும். நீட்டித்தாலும் மொத்தம் 6 மாதங்களைத் தாண்டலாகாது. மறு ஆய்வுக் குழு அதனைப் பரிசீலிக்க வேண்டும். 2017-இல் 9 நீதிபதிகள் அமர்வு அந்தரங்கத்தை அடிப்படை உரிமையென உறுதி செய்தது. 2023-இல் புதிய தொலைத்தொடர்புச் சட்டம் இயற்றப்பட்டது. 2025 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம், லஞ்ச வழக்கொன்றில் 2011-இல் பிறப்பிக்கப்பட்ட ஒட்டுக்கேட்பு ஆணையை ரத்து செய்தது. சாதாரணக் குற்றத்தைக் கண்டுபிடிப்பது பொது நெருக்கடியோ பொதுப் பாதுகாப்போ ஆகிவிடாது என்பது அதன் கருத்து. இங்கே அனுமதி தருபவர் நீதிபதி அல்லர், அரசின் அதிகாரியே என்பதை நாம் கருத்தில் கொள்ள வேண்டும். வெளியிலிருக்கும் நடுவர் இல்லாத இடத்தில் பணியாளரின் இறையச்சம் இன்னும் அதிகமாகத் தேவைப்படுகிறது.

இப்பணிக்குச் செல்பவர் கேட்க வேண்டியவை

கடத்தப்பட்ட குழந்தையை மீட்டதும், கொலைச் சதியை முறியடித்ததும் இதே கருவிகள் துணை நின்ற செயல்களே. அத்தகைய நாளில் ஹெட்போனை மாட்டியிருப்பவர் ஓர் உயிரைக் காப்பவராகிறார். ஆகவே இப்பணியை அடியோடு பழிப்பதற்கில்லை. ஆனால் வரலாறு அவர் முன் நான்கு கேள்விகளை வைக்கிறது.

தேடப்படுவது ஒரு குற்றமா, அல்லது ஒரு கூட்டமா? பர்மிங்ஹாமும் நியூயார்க்கும் இக்கேள்வியில் தோற்றன. தமக்கு வெளியே உள்ள ஒருவர் அனுமதி தந்துள்ளாரா, அந்த அனுமதியின் நாளும் எல்லையும் அப்படியே பேணப்படுகின்றனவா? ஜி.பி.எஸ். கருவியைப் பொருத்தியவர்கள் இதில் தவறினர். தொடர்பில்லாத பேச்சு காதில் விழும்போது கை கருவியை நிறுத்துகிறதா? கட்ஸ் வழக்கின் அதிகாரிகள் இதைச் செய்தனர். ஓல்ம்ஸ்டெட்டைக் கேட்டவர்களின் 775 பக்கங்கள் அப்படிப்பட்டவை அல்ல. கேட்டது உரியவரைத் தவிர வேறெவர் காதுக்கும் போகாமல் அமானிதமாகக் காக்கப்படுகிறதா? கிங்கின் ஒலிநாடா இக்கேள்வியில்தான் மானக்கேடாக முடிந்தது.

இந்நான்கில் ஒன்றுக்கேனும் மனம் கூசும்படியான கட்டளை மேலதிகாரியிடமிருந்து வந்தால், மறுக்கும் துணிவு வேண்டும். படைப்பாளனுக்கு மாறுசெய்யும் விஷயத்தில் படைப்புக்குக் கீழ்ப்படிதல் இல்லை என்பது நம் மார்க்கத்தின் அடிப்படை விதி. அத்துணிவு தம்மிடம் இல்லை என்று அறிபவர், ரிஸ்க்கை அல்லாஹ் வேறு வாசலிலும் வைத்திருக்கிறான் என்று நம்பி விலகிக்கொள்வதே நலம்.

இப்பணிக்குச் செல்லாத நமக்கும் இதில் பங்குண்டு. இன்று ஒவ்வொரு வீட்டிலும் கேமராவும் ஒலிப்பதிவுக் கருவியும் கைப்பேசி வடிவில் இருக்கின்றன. பிறர் பேசுவதை அவர் அறியாமல் பதிவு செய்து குடும்பக் குழுவில் பகிர்வதும், துணைவரின் கைப்பேசியைத் திருட்டுத்தனமாகத் துழாவுவதும், மருமகளின் பேச்சுக்குக் கதவோரம் காது வைப்பதும் அதே தடைக்குள் வருபவையே. அரசிடம் நாம் எதிர்பார்க்கும் கண்ணியத்தை நம் வீட்டாருக்கு நாம் முதலில் வழங்குவோம்.

நம் செவிகளையும் பார்வைகளையும் உள்ளங்களையும் அல்லாஹ் பேணிக் காப்பானாக! நம் குறைகளை இம்மையிலும் மறுமையிலும் மறைத்தருள்வானாக! பிறர் குறைகளை மறைக்கும் பெருந்தன்மையை நமக்கு வழங்குவானாக! ஆமீன்.